கடற்கன்னியும் பேய்க்கணவாயும்

முல்லைத்தீவு இளைஞர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதையொன்றை அண்மையில் என்னிடம் தந்து அபிப்பிராயம் கேட்டார். நந்திக்கடல் பெருங்கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அப்பால், ஆழத்திலே வாழும் கடல்மாந்தரைப் பற்றிய கதை அது. அவர்களுக்கு மீனின் வால் இல்லை; பேய்க்கணவாயின் எட்டுக் கைகள் உண்டு. அவர்கள் பெறுவதும் சாவதும் பேய்க்கணவாயைப் போலவே. இதைப் படித்த எழுத்தாள நண்பர் ஒருவர், "இதில் மண்வாசனை எங்கே?" என்று ஒரே கேள்வியில் தள்ளிவிட்டார். அத்தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. கதையில் குறையுண்டு, ஆனால் அது வேறு குறை.

கடல்மாந்தர் நம் கரைக்குப் புதியவரல்லர். 1560ஆம் ஆண்டில் மன்னார்க் கடலில் அத்தகையோர் எழுவர் வலையில் அகப்பட்டனர் என்றும், கோவாவிலிருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் வைத்தியர் அவர்களை அறுத்துப் பார்த்து மனித உடலமைப்பே எனக் கண்டார் என்றும் பழைய குறிப்பொன்று உண்டு. அகப்பட்டவை ஆவுளியா என்னும் கடற்பசுக்களே என்பது பின்வந்தோர் கருத்து. கடற்பசு ஒரு முறைக்கு ஒரு கன்றே ஈன்று, பாலூட்டி, கூடவே கொண்டு திரிவது. ஆகவே பழைய கடற்கன்னி கையிலே பிள்ளையேந்திய தாய். மகாபாரதத்து மச்சகந்தி மீன் வயிற்றிலே பிறந்தாள். தாய்லாந்து இராம கதையிலோ இராவணன் மகளாகிய மீன்மகள் அனுமனுக்குப் பிள்ளை பெறுகிறாள். எப்படிப் பெற்றாள் என்று கேட்டால் கதைசொல்லி சிரித்துவிட்டு அப்பாற் போய்விடுவான். நம் இளைஞர் அதைக் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்தது அதுதான்.

பேய்க்கணவாயின் இல்லறம் விசித்திரமானது. பெரும்பாலான இனங்களில் ஆணின் வலப்புறத்து மூன்றாம் கையே விந்துப் பொதியைப் பெண்ணின் உடலுக்குள் வைக்கும் கருவி. அதன் உறவினமொன்றிலே அந்தக் கை அறுந்து பெண்ணின் உடலிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கிய கையைக் கண்ட பிரெஞ்சுப் பேரறிஞர் குவியே, 1829இல் அதை ஓர் ஒட்டுண்ணிப் புழுவென்றே எண்ணிப் பெயரும் சூட்டிவிட்டார்! (பெரியோர் தவறுவதிலும் ஒரு கம்பீரம் இருக்கிறது.) சேர்ந்தபின் ஆண் நெடுநாள் வாழ்வதில்லை. பெண் கற்குகையில் முட்டைகளைச் சரஞ்சரமாகத் தொங்கவிட்டு, நீரை ஊதி, அழுக்கு நீக்கிக் காக்கிறாள். உணவு தேடி வெளியே போவதில்லை. குஞ்சு பொரிக்கும் வேளையில் மடிகிறாள். கலிபோர்னியாவுக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் ஒரு தாய் 2007 முதல் 2011 வரை, 53 மாதங்கள் ஒரே பாறையில் அடைகாத்ததை ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள்.

இளைஞர் இதனைத் "தியாகத்தின் சிகரம்" என்று எழுதிக் கண்ணீர் வடிக்கிறார். இங்கேதான் நான் அவரோடு மாறுபடுகிறேன். 1977இல் ஜெரோம் வொடின்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர், அடைகாக்கும் பேய்க்கணவாயின் கண்களுக்குப் பின்னேயுள்ள சிறு சுரப்பிகள் இரண்டையும் அகற்றினார். அது முட்டைகளை விட்டு விலகியது, மீண்டும் உண்டது, உடல் தேறிப் பல மாதம் கூடுதலாக வாழ்ந்தது. அந்தப் பட்டினி, மனம் உவந்து செய்த நோன்பன்று, சுரப்பியின் கட்டளை. பசியிருந்து சாகும் தாய்க்குப் பாமாலை சூட்டுவது நமக்கு வெகு காலப் பழக்கம். அப்பழக்கத்தைக் கடலுக்கும் ஏற்றுமதி செய்ய வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. அவருடைய கடற்கன்னி முட்டைகளுக்குத் தாலாட்டுப் பாடுகிறாள். யாரிடம் கற்றாள்? தாய் முகத்தைக் காணாத குலம் அது, தகப்பனும் இல்லை, குஞ்சுகள் பிறந்ததும் கடலோட்டத்தில் ஆளுக்கொரு திசையாகச் சிதறுகின்றன. அம்மம்மா கதை அங்கே இல்லை. தாய்மொழி என்ற சொல்லுக்கே பொருளில்லை. உயிரியலை இரவல் வாங்கியவர் சாவை மட்டும் வாங்கி, அதன் விளைவுகளைக் கரையிலேயே விட்டுவிட்டார்.

அவ்விளைவுகளைத் தொடர்ந்து சென்றால் கதை வேறாகிறது. அக்குலத்தில் பாட்டும் நீரோட்டங்களின் வழியும் அடுத்த தலைமுறைக்குப் போகவேண்டுமாயின், முட்டையிடாத ஒருத்தி மூப்படைந்தாக வேண்டும். ஆணோடு சேராதிருந்தாற் போதாது. சேராத பெண்ணும் கருவற்ற முட்டையிட்டு மடிவதுண்டு. சுரப்பி ஊமையாய்ப் பிறந்தவளோ, அதனை அறுத்தெறியத் துணிந்தவளோதான் கிழவியாவாள். அவளே அவர்களுக்கு ஆசிரியை, அவளே ஏடு.

நாம் அவளை மலடி என்போம். இப்போது மண்வாசனை வந்துவிட்டதல்லவா? 2009இல் முள்ளிவாய்க்காலோடு போர் முடிந்தபின், தாயற்ற பிள்ளைகளை இந்த வன்னியில் வளர்த்தெடுத்த பெரியம்மாக்களும் சின்னம்மாக்களும் பலர். அவர்களிற் சிலர் தாம் பெறாதவர்கள். அப்படி ஒருவரை நான் அறிவேன். அவர் வளர்த்த பிள்ளையின் சாமத்தியச் சடங்கன்று ஆராத்தி எடுக்க அவரை ஒருவரும் அழைக்கவில்லை. குசினியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். அழைத்திருந்தாலும் வந்திருக்க மாட்டார். அவ்வளவுக்கு அவரைப் பழக்கியிருக்கிறோம். இத்தனைக்கும் வைகாசிதோறும் நாம் திரண்டு சென்று, கடல்நீரில் விளக்கேற்றி, அம்மா என்று அழைத்துப் பொங்கலிடும் வற்றாப்பளைக் கண்ணகி பிள்ளை பெற்றவள் அல்லள். தெய்வத்துக்குக் கொடுத்த சலுகையைக் குசினியில் நிற்பவருக்குக் கொடுக்க நமக்கு மனமில்லை.

இதைக் கட்டுரையாக எழுதினால் பெரியோர் கோபிப்பார்கள்; கடலுக்கடியில் வைத்துச் சொன்னால் இறுதிவரை படித்துவிடுவார்கள். விநோதக் கதைக்கு இந்த வசதி உண்டென்பது என் கட்சி.

இளைஞரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். தாயின் சாவோடு முடியும் கதையை அங்கிருந்தே தொடங்கும்படியும், தாலாட்டைக் கிழவியின் வாயில் வைக்கும்படியும் கேட்டுக்கொண்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்தக் கிழவிக்கு எத்தனை கை, ஐயா? சுரப்பியை அறுத்த கை அவளுடையதா, இன்னொருத்தியுடையதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்; வைகாசிப் பொங்கலுக்கு முன் திருத்தித் தருவதாகச் சொன்னார்.