கேமராவே, கொஞ்சம் பின்னால் போ!



போன கோடை விடுமுறைக்கு இங்கிலாந்தில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் சாயங்காலம், "வா, பாலே நடனம் பார்க்கப் போகலாம்" என்றார் சித்தி. பெரிய நாடக அரங்கம் என்று நினைத்து நல்ல டிரெஸ் போட்டுக்கொண்டு கிளம்பினேன். போனதோ பக்கத்துத் தெரு சினிமா தியேட்டர்! வேறொரு ஊர் மேடையில் அந்த நிமிடமே ஆடுகிற நடனம் இங்கே திரையில் ஓடியது, கிரிக்கெட் மேட்ச் நேரடி ஒளிபரப்பு மாதிரி.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா 2006 டிசம்பரில் இப்படித் தியேட்டர்களுக்கு நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கியது. லண்டன் ராயல் ஆப்பரா ஹவுஸ் 2008-ல் தொடங்கியது. மாஸ்கோவின் போல்ஷோய் பாலேயும் பல வருடம் இப்படி வந்தது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் நின்றுவிட்டது.

"தியேட்டரில் பார்ப்பதெல்லாம் பாலேயா? அது வெறும் சினிமா" என்று சிலர் சொல்லலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராயல் ஆப்பரா ஹவுஸில் இருப்பதே சுமார் 2,250 இருக்கைகள்தான். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? டிக்கெட் கிடைத்தாலும், விலை குறைந்த இடம் என்றால் உச்சி மாடியில் இருக்கும், இல்லாவிட்டால் மேடையில் பாதி மறைக்கும். நானோ ஆடுகிறவர் கழுத்தில் வழிந்த வியர்வையைக்கூடப் பார்த்தேன். கால் நுனியில் நிற்கிறார்களே, அந்த ஷூவுக்குள் இரும்போ கட்டையோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். துணியையும் காகிதத்தையும் அடுக்கடுக்காகப் பசை போட்டு இறுக்கியதுதானாம்! அது மேடையில் 'டொக் டொக்' என்று தட்டுவதும் கேட்டது. அதனால் தியேட்டர் ஒளிபரப்பு கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஆனால் ஒரு குறை. நான் பார்த்தது 'ஸ்வான் லேக்'. சாய்க்கோவ்ஸ்கி இசையமைத்து 1877-ல் மாஸ்கோவில் முதலில் மேடையேறியது. இன்று பெரும்பாலும் ஆடப்படுவது 1895-ல் பெட்டிபாவும் இவானோவும் புதிதாக அமைத்த நடனத்தைத் தழுவித்தான். அன்னமாக மாற்றப்பட்ட பெண்களின் கதை. ஏரிக்கரைக் காட்சியில் இருபதுக்கும் மேற்பட்ட வெள்ளை அன்னங்கள் வரிசை வரிசையாக வந்து, பிரிந்து, சேருவார்கள். அத்தனை பேரும் ஒரே மூச்சாகக் கை அசைப்பதுதான் அந்தக் காட்சியின் அழகே! அந்த நேரம் பார்த்துக் கேமரா நாயகியின் முகத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. திரும்பி வந்தபோது அன்னங்கள் எல்லாம் வேறு இடத்தில் நிற்கிறார்கள். எப்படிப் போனார்கள்? தெரியவே இல்லை.

கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தால், பந்து எங்கே போச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?

அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேமராதான் கண். தனியாக ஆடும்போது பக்கத்தில் போகட்டும், தப்பில்லை. எல்லோரும் சேர்ந்து ஆடும்போது பின்னால் வந்து முழு மேடையையும் காட்டணும். கடைசி வரிசையில் ஆடுகிறவரும் வருடக்கணக்கில் பயிற்சி செய்தவர்தானே?

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது தெரியுமா? நம் ஆண்டு விழாக் கோலாட்டத்தில் பதினாறு பேர் ஆடினோம். வீடியோவில் இருப்பது முன்வரிசை நாலு பேர். நான் கடைசி வரிசை. என் கோலின் நுனி மட்டும் ஒரு தடவை தெரிகிறது! அம்மா அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். வீடியோ எடுத்த அண்ணன் மேல் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் நான் சொல்கிறேன். அடுத்த ஆண்டு விழாவில், குழு நடனம் முடியும் வரை ஒரு கேமராவாவது முழு மேடையையும் எடுக்கட்டும். ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டுகிறேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? மறுப்பு இருந்தால் அடுத்த இதழில் எழுதுங்கள். சண்டைக்கு நான் ரெடி!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி (கடைசி வரிசை)