சனிக்கிழமைகளில் மனநல ஆலோசகரும் இருக்கட்டும்

ஆடிச் சனிக்கிழமைகளில் தேனி மாவட்டம் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலில் நிற்க இடம் கிடைக்காது. சுரபி நதியில் குளித்து, எள் விளக்கேற்றும் கூட்டத்தில் பிள்ளைகளுக்காக வேண்டி வந்த பெற்றோரும் உண்டு. பிள்ளை தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, படிப்பு ஏறவில்லை என்றால் 'ஏழரை நடக்கிறது' என்று ஜாதகத்தைப் பார்ப்பது நம் வழக்கம். அந்த வேண்டுதலில் பிழையில்லை. பிள்ளையின் மாற்றத்தைப் பெற்றவர்கள் கவனித்துவிட்டார்கள் என்பதே பெரிய விஷயம். அதன்பிறகு அவர்கள் எங்கே போவது?

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருக்கிறது. சிகிச்சைக்கு க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். இருட்டோடு ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் கம்பம் பள்ளத்தாக்குத் தாய்மார்களுக்கு அது சுலபமில்லை. 2022இல் தொடங்கிய 14416 மனநலத் தொலைபேசிச் சேவை நல்ல முயற்சி. ஆனால், வாரந்தோறும் பிள்ளையின் முகம் பார்த்துப் பேச ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் பள்ளியிலேயே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் அனைத்திலும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரோ, உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்று 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும்; ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சியும் தர வேண்டும். ஆள் இல்லை, நிதி இல்லை என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. உளவியலும் சமூகப் பணியும் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் தமிழகத்தில் இருக்கிறார்கள்.

பள்ளியைப் போலவே கோயிலிலும் ஓர் ஆலோசகர் இருக்கட்டும் என்றால், கோயிலும் மருத்துவமும் ஒட்டாது என்பார்கள். ஆனால், 2001இல் ஏர்வாடி தர்கா அருகிலிருந்த மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகு, அந்தத் தர்காவிலேயே தொழுகையோடு மருந்தும் கிடைக்க வழி செய்யப்பட்டது. குணசீலம் பெருமாள் கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு மையம் நடக்கிறது. மக்கள் நம்பி வரும் இடத்துக்கு மருத்துவம்தான் போக வேண்டும்.

எனவே, உத்தமபாளையம் வட்டத்துப் பள்ளிகளில் வரும் கல்வியாண்டுக்குள் ஆலோசகர்களை நியமிக்க வேண்டும். சின்னமனூர் அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாளைச் சிறார் மனநலத்துக்கென்றே ஒதுக்க வேண்டும். குச்சனூர் கோயில் வளாகத்தில் சனிக்கிழமைதோறும் மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் ஒருவர் அமர வேண்டும். இந்த மூன்றையும் செய்து முடிக்கும் நாளை மாவட்ட நிர்வாகம் இப்போதே அறிவிக்க வேண்டும்.