இளம் நோயாளியின் கையில் என்ன புத்தகம்?

டயாலிசிஸ் சிகிச்சை பெறும் ஒருவர் பொதுவாக வாரத்திற்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் இயந்திரத்தின் அருகே படுத்திருக்கிறார். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 600 மணி நேரத்திற்கும் மேல். முதியவர்கள் அந்நேரத்தை உறங்கியோ, பக்கத்துப் படுக்கைக்காரரோடு பேசியோ கழித்துவிடுகிறார்கள். 15, 16 வயதுப் பிள்ளைக்கு அது எளிதன்று. உடன் பயின்றவர்கள் வகுப்பறையில் இருக்கும் நேரம் அது. வல்லம், செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வந்து திரும்பும் பிள்ளைகளுக்குப் பயண நேரமும் அதனோடு சேர்கிறது. இந்நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பது மருத்துவரின் கவலை அன்று எனச் சிலர் கருதலாம். எங்கள் கருத்து வேறு.

சிறுநீரக நோயில் 13 முதல் 20 வரையிலான வயது கடினமானது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் மாத்திரைகளை விட்டுவிடுவதும், அதனால் அந்தச் சிறுநீரகத்தையே இழப்பதும் இவ்வயதில் கூடுதலாக நிகழ்கின்றன என்பதை உலகெங்கும் மருத்துவர்கள் கண்டுள்ளனர். பிள்ளைகளின் அறியாமை மட்டும் இதற்குக் காரணமன்று. காலை முதல் இரவு வரை 'நோயாளி' என்ற ஒரே பெயரில் வாழ்வதில் அவர்கள் சலித்துப்போகிறார்கள். புத்தகம் மாத்திரைக்கு மாற்றாகும் என்று நாங்கள் சொல்லவில்லை. நோயாளி என்பதற்கு அப்பால் வேறு ஒருவராகவும் இருக்கும் வாய்ப்பை அது தருகிறது என்றே சொல்கிறோம்.

பெற்றோர் பெரும்பாலும் இரண்டு பொருள்களைக் கொண்டுவருகிறார்கள்: கைப்பேசி, இல்லையேல் பொதுத்தேர்வுக்கான வழிகாட்டி நூல். இரண்டும் தவறல்ல. ஆயினும் கைப்பேசி பிள்ளையைத் தனிமையில் விட்டுவிடுகிறது. வழிகாட்டி நூலோ, தவறிப்போன வகுப்புகளை மீண்டும் மீண்டும் நினைவூட்டுகிறது. "கதைப் புத்தகம் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கும் பெற்றோருக்குச் சில நூல்களை முன்வைக்க விரும்புகிறோம்.

கதைகளில் தொடங்குவோம். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைக் களமாகக் கொண்ட இளையோர் நாவல். 2023ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் அதே விருதைப் பெற்றது. தன் உடலைப் பிறர் தொடுவதில் எது முறை, எது முறையன்று என்பதைக் கதையாகவே சொல்வது. ஊசிக்கும் பரிசோதனைக்கும் உடலை நாள்தோறும் ஒப்புக்கொடுக்கும் பிள்ளைக்கு, அவ்வுடல் தன்னுடையதே என்று உணர்த்தும் நூல் மிகவும் தேவை. ஆட்டிசம் உள்ள சிறுவனைப் பற்றி அவரே எழுதிய 'துலக்கம்' உடன்பிறந்தோரும் படிக்கத்தக்கது. கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' கரிசல் காட்டையும் பறவைகளையும் படுக்கையருகே கொண்டுவரும். இரா. நடராசனின் 'ஆயிஷா' கேள்வி கேட்கும் ஒரு மாணவியின் கதை. அதன் முடிவு துயரமானது. ஆதலால் பெரியவர் ஒருவர் முதலில் படித்துவிட்டு, பின் பிள்ளையோடு பேசுவது நலம்.

உண்மை வாழ்க்கையைச் சொல்லும் நூல்களுக்கும் குறைவில்லை. இராமேசுவரத்தில் செய்தித்தாள் விநியோகித்த சிறுவன் அறிவியலாளரான வரலாறு அப்துல் கலாமின் 'அக்கினிச் சிறகுகள்'. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' தடித்த நூல். ஆயினும் அத்தியாயங்கள் சிறியவை. மாணவப் பருவத்தில் அம்மை நோய் கண்டு ஆசிரியரைப் பிரிந்திருக்க நேர்ந்ததையும், தேறியபின் படிப்பைத் தொடர்ந்ததையும் அதில் காணலாம். பள்ளியைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கு அப்பகுதி நெருக்கமாக இருக்கும். சற்று மூத்தவர்களுக்கு பாமாவின் 'கருக்கு', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' ஆகிய தன்வரலாறுகளைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். சமூகம் ஒதுக்கிய நிலையிலிருந்து தம் குரலில் பேசிய இவ்விருவரையும் படித்தவர், பிறருடைய பார்வையில் தாம் குறைந்துவிட்டதாக எண்ணித் தலைகுனியமாட்டார். தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' உணவு, உப்பு, உடை போன்ற அன்றாடப் பொருள்களின் பின்னுள்ள வரலாற்றைச் சொல்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லியே பிள்ளைகளின் பகையைத் தேடிக்கொள்ளும் நாங்கள் இந்நூலைப் பரிந்துரைப்பது ஒருவகைப் பரிகாரமும் ஆகும்!

நம் ஊரும் படிக்கவேண்டிய ஒரு நூல்தான். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டிய இராணுவக் கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றிய காலத்தை அறிய விரும்புவோர்க்கு, புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. இராஜகிரியில் ஏற வேண்டாம் என்று நாங்கள் தடுத்த பிள்ளைக்கும், அதன் வரலாற்றில் ஏறிப் பார்க்கத் தடையில்லை.

நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைக்கே விடுங்கள். உணவு, நீரின் அளவு, ஊசி, உறக்கம் அனைத்தையும் பிறரே முடிவு செய்யும் நிலையில், அவர்கள் தாமே முடிவு செய்யத்தக்கவை மிகச் சில. பத்துப் பக்கம் படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். "நோயை வென்றவர்" கதைகளை மட்டுமே கொடுப்பதையும் தவிருங்கள். ஒவ்வொரு பக்கமும் அறிவுரையானால் அதுவும் ஒரு மருந்தாகிவிடும்.

சில நடைமுறைக் குறிப்புகள்: ஊசி பொருத்திய கையை அசைக்கலாகாது, ஆகவே ஒரு கையால் பிடிக்கத்தக்க, எடை குறைந்த நூல் ஏற்றது. இறுதி மணி நேரத்தில் சோர்வோ தலைவலியோ வரக்கூடும். முதற்பாதியில் படிப்பது எளிது. தலைசுற்றல் தோன்றினால் நூலை வைத்துவிட்டு உடனே செவிலியரை அழைக்கவும். படிக்க இயலாத நாளில் துணைக்கு வந்தவர் மெல்லிய குரலில் வாசித்துக் காட்டலாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் பூஞ்சை பிடித்த, தூசி படிந்த பழைய நூல்களைத் தவிர்க்க வேண்டும்.

விலை கொடுத்து வாங்க இயலவில்லையே என்ற கவலை வேண்டாம். 1931இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்ற மாநிலம் இது. 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்டதும் இம்மாநிலமே. அருகிலுள்ள கிளை நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ சிறு தொகை செலுத்தி உறுப்பினராகலாம். பிள்ளைக்குப் பதிலாக வீட்டார் ஒருவர் நூலை எடுத்து வரலாம்.

அடுத்த முறை வரும்போது, மாத்திரைகளும் பழைய ரிப்போர்ட்டுகளும் உள்ள பையில் ஒரு புத்தகத்தையும் வையுங்கள். கிரியாட்டினின் அளவைப் பார்த்தபின், எந்தப் பக்கம் வரை வந்தாயிற்று என்று நாங்களும் கேட்போம்.