இன்றைய படமே வேண்டும்

நோயாளியைக் காணச் செல்பவர்கள் பழமும் பிஸ்கட்டும் வாங்கிச் செல்வது நம் வழக்கம். வீட்டில் பூனை வளர்த்த ஒருவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தால், அந்தப் பூனையை அன்றன்று படம் எடுத்துச் சென்று காட்டுங்கள் என்பது என் கருத்து. 'அன்றன்று' என்ற சொல்லை நான் வலியுறுத்துகிறேன். அதன் பொருளை என் பிழை ஒன்றின் வாயிலாகவே அறிந்தேன்.

என் தந்தையார் ஐந்து வாரங்கள் மருத்துவமனையில் இருந்தார். வீட்டில் அவர் மடியைவிட்டு இறங்காத பூனை ஒன்று உண்டு, பெயர் முத்து. சேர்ந்த மறுநாளே, "முத்து சாப்பிட்டானா?" என்று கேட்டார். "சாப்பிட்டான்" என்ற என் விடை அவருக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பீரோவில் கிடந்த பழைய சிறு டிஜிட்டல் கேமராவைத் தேடி எடுத்து, மின்கலத்திற்கு மின்னேற்றினேன்.

முதல் படங்கள் பயன்படவில்லை. இரவில் பிளாஷ் போட்டு எடுத்தேன். முகம் வெளிறி, கண்கள் இரண்டும் பச்சை விளக்குகளாக எரிந்தன. "இது நம் முத்து மாதிரியே இல்லையே, அம்மா" என்றார் அப்பா. பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு உண்டு. இருளில் அதற்குக் கண் தெரிய உதவுவது அதுவே. பிளாஷ் ஒளி பட்டால் கண்ணை எரியவைப்பதும் அதுவே. பிளாஷை அணைத்துவிட்டு, காலை வேளையில் ஜன்னலோரம் எடுக்கத் தொடங்கியபின் முத்துவின் முகம் படத்தில் வந்தது.

வேறு சிலவற்றையும் பழக்கத்தில் கற்றேன். நின்றபடி மேலிருந்து எடுத்தால் முதுகும் காதுகளுமே தெரியும்; தரையில் அமர்ந்து பூனையின் கண் மட்டத்தில் கேமராவைப் பிடிக்க வேண்டும். குனிய இயலாதவர்கள், அது நாற்காலியிலோ ஜன்னல் திண்டிலோ ஏறும்வரை காத்திருக்கலாம். சிறு கேமராக்கள் பொத்தானை அழுத்தியபின் சற்றுத் தாமதித்தே படம் பிடிக்கும்; அதற்குள் பூனை திரும்பிவிடும். பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தை நிறுத்திக்கொண்டு, அது நிமிரும் நொடியில் முழுதும் அழுத்தினால் தாமதம் குறையும். தானியங்கிக் கேமரா எதையும் நடுத்தர வெளிச்சமாக்கவே முயலும். அதனால் படத்தை நிறைக்கும் கருப்புப் பூனை சாம்பலாகத் தெரியும். வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து வைத்தால் கருமை மீளும். இவற்றில் எதுவும் கடினமன்று. பூனை நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிப்பதால், பொறுமையுள்ளவருக்கு வாய்ப்புக்குக் குறைவில்லை.

அப்பா அந்தப் படங்களைப் பார்த்த விதம் எனக்குப் புதிதாக இருந்தது. கேமராவின் சிறு திரையில் படத்தைப் பெரிதாக்கி, முதலில் பூனையைப் பார்ப்பார். பிறகு ஓரங்களுக்கு நகர்வார். தம்முடைய சாய்வு நாற்காலி, கொடியில் காயும் துணி, சுவரில் தொங்கும் நாட்காட்டி என ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஆகவே, பூனையின் முகத்தை மட்டும் நெருங்கி எடுப்பதை நிறுத்திக்கொண்டேன். வீட்டைப் படத்திற்காக ஒழுங்குபடுத்துவதையும் விட்டேன். அவர் காண விரும்பியது தாம் விட்டுவந்த வீட்டைத்தான். அந்த வீட்டின் நடுவே முத்து அமர்ந்திருந்தது.

மூன்றாம் வாரத்தில் முத்து வேறொரு பூனையோடு சண்டையிட்டுக் காது கிழிந்து வந்தது. காயம் சீழ் பிடித்தது. கால்நடை மருத்துவர் சுத்தம் செய்து, அது சொறியாதிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை மாட்டினார். அந்தக் கோலத்தைக் காட்டினால் அப்பா கலங்குவார் என்று அஞ்சினேன். கேமராவில் இருந்த பழைய படம் ஒன்றைத் திறந்து, "இன்று எடுத்தது" என்று நீட்டினேன்.

அவர் வழக்கம்போல் ஓரத்திற்கு நகர்ந்தார். தினமும் தாள் கிழிக்கும் நாட்காட்டி அது. வீட்டில் இருக்கும்போது கிழிப்பது அவர் வேலை. படத்தில் 9 என்றிருந்தது. அன்று 14. "கிழிக்க மறந்துவிட்டாயா?" என்றார். நான் விடை சொல்லத் தயங்கியதும் கேமராவைப் போர்வைமேல் வைத்தார். சிறிது நேரம் கழித்து, "என் ஸ்கேன் முடிவையும் இப்படித்தான் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

ஸ்கேன் முடிவை நாங்கள் உள்ளபடியே சொல்லியிருந்தோம். ஆனால் அந்த நொடியில் அதை அவர் நம்புவதற்கு என்ன காரணம் இருந்தது? சிறு பொய்யொன்று பெரிய உண்மையையும் ஐயத்திற்கு உள்ளாக்கிவிட்டது. மறுநாள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அவரே நேரில் வந்து அறிக்கையை விளக்கிய பிறகே அப்பா அமைதியடைந்தார். கூம்பு மாட்டிய முத்துவின் படத்தையும் அன்றே காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணீர் குடிக்கச் சிரமப்படுவான், அகலமான கிண்ணத்தில் வை" என்றார். பல நாள்களுக்குப் பின் அவர் வீட்டுக் காரியத்தில் ஒரு யோசனை சொன்னது அப்போதுதான்.

நோயாளிக்குக் கவலை தரும் எதையும் சொல்லலாகாது என்பவர்கள் உண்டு. அவர்களுடைய அன்பை நான் குறைத்து எண்ணவில்லை. தீவிர சிகிச்சையில் இருப்பவரிடமும் மனம் குழம்பிய நிலையில் இருப்பவரிடமும் எதை எப்போது சொல்வது என்பதை மருத்துவரோடு கலந்தே முடிவு செய்ய வேண்டும். ஆயினும், சொல்வதைத் தள்ளிவைப்பது வேறு. நடக்காததை நடந்ததாகக் காட்டுவது வேறு. "இன்று படம் எடுக்கவில்லை, அப்பா" என்று நான் சொல்லியிருக்கலாம். படுத்திருப்பவருக்குப் பார்ப்பதற்கு மிகுதியான நேரம் இருக்கிறது. நாம் கவனியாத மூலையையும் அவர் கவனிப்பார்.

சில எச்சரிக்கைகளும் தேவை. வீட்டிலிருந்து கொண்டுவரும் கேமராவைத் துடைத்து, கைகளைக் கழுவிய பிறகே நோயாளியிடம் கொடுங்கள். படத்திற்காகப் பூனையைப் பிடித்து இருத்த முயலாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவரைக் காணுங்கள்; வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்பதை அவர் கூறுவார். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் வீடு திரும்பியதும் பூனையின் கழிவைத் தாமே அகற்றலாகாது. பூனையோடு எவ்வளவு நெருங்கலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

அப்பா வீடு திரும்பிய அன்று முத்துவின் காது பாதி ஆறியிருந்தது. ஓரம் மடங்கியே நின்றது. அவர் அதைக் கண்டு திடுக்கிடவில்லை. காயம் ஆறிய ஒவ்வொரு நாளையும் ஏற்கெனவே படத்தில் பார்த்திருந்தார். நாற்காலியில் அமர்ந்து மூச்சு வாங்கியபின், அன்றைய தாளைக் கிழிக்க எழுந்தார்.

நாளை பார்வையாளர் நேரத்திற்குப் புறப்படுமுன் ஐந்து நிமிடங்களை ஒதுக்குங்கள். விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஜன்னலைத் திறந்து, பூனை இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையிலேயே அதைப் படம் எடுத்து வாருங்கள்.