தட்டைத் தனியா வைக்காதீங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்ட பதிவு இது. காரணம், இதுல வில்லன் நான்தான்.

ஆபீஸ்ல நடந்த ரத்ததான முகாம்ல என் ரூம்மேட் ரத்தம் குடுத்தான். கொஞ்ச நாள் கழிச்சு ரத்த வங்கியிலிருந்து போன். ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். அன்னிக்கு ராத்திரியே அவன் தட்டையும் டம்ளரையும் தனியா எடுத்து வெச்சேன். அவன் எதுவும் கேட்கலை. அடுத்த மாசம் வேற ரூம் பாத்துக்கிட்டுப் போயிட்டான்.

அப்புறம்தான் படிச்சேன். (இஞ்சினியரிங்ல இதெல்லாம் எங்க சொல்லித்தர்றாங்க!) இந்தக் கிருமி ரத்தம் மூலமா, உடலுறவு மூலமா, பிரசவத்துல அம்மாகிட்டேர்ந்து குழந்தைக்குப் பரவும். சேர்ந்து சாப்பிட்டா பரவாது. ரேசர், டூத் பிரஷ் தனியா இருந்தாப் போதும். அப்பவும் பயமா? தடுப்பூசி இருக்கு. வழக்கமா 3 ஊசி, 6 மாசத்துல முடிஞ்சிடும். தட்டை நகர்த்தின நேரத்துல நான் ஊசி போட்டிருக்கணும்.

சமீபத்துல அவனைப் பார்த்தேன். தினமும் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. கிருமியை அடக்கி வைக்கும், பெரும்பாலும் அடியோட ஒழிக்காது. சுகர் மாத்திரை மாதிரி வருஷக்கணக்கா சாப்பிடணும். ஊருக்குப் போறப்ப மட்டும் எடுத்துட்டுப் போக மாட்டானாம். 'வீட்ல பாத்துட்டா? வரன் பாக்கறாங்கடா'ன்னான். பகீர்னுச்சு. டாக்டரைக் கேக்காம நிறுத்தினா கிருமி திரும்பப் பெருகி ஈரலையே சாய்ச்சிடலாம்.

அவன் பெரியம்மா கேட்டா கீழாநெல்லின்னுதான் சொல்வாங்க. 1988ல சென்னை ஆராய்ச்சியாளர்கள் அது கேக்குதுன்னு லான்செட்ல எழுதினது நெசம்தான். ஆனா பின்னாடி வந்த சோதனைகள்ல அந்தப் பலன் உறுதியாகலை.

இந்த வியாதி இருக்கிற எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. ஆனா டாக்டர் சொல்ற இடைவெளியில செக்கப் கட்டாயம், ஏன்னா சத்தமில்லாம சிரோசிஸ், கேன்சர் வரை போகலாம். கல்யாணம்? தாராளமா பண்ணிக்கலாம். சொல்லிட்டுப் பண்ணணும், அவ்ளோதான். துணைக்குத் தடுப்பூசி, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள முதல் ஊசி.

என் கருத்து இதுதான்: மருந்து இருக்கு, ஊசி இருக்கு. 2018லேர்ந்து அரசாங்கத் திட்டத்துல சிகிச்சை இலவசமாவும் கிடைக்குது. இத்தனை இருந்தும் அவன் மாத்திரையை ஒளிச்சு வைக்கிறான்னா, அதுக்குக் காரணம் கிருமி இல்லை, என்னை மாதிரி ஆளுங்கதான்.

பி.கு: போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஒரே தட்டுல பரோட்டா சாப்பிட்டோம். மன்னிப்பு கேட்டேன். 'சால்னா ஊத்துடா'ன்னான்.