அரைப் பேர்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசித்துவிட்டு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் "அரைப் பேர்" போடுவார்கள். நாள் முழுக்க மலையில் நின்றவருக்கு அரைநாள் சம்பளம். பசறை, மடுல்சீமைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை, அம்மா வீட்டுக்கு வரும் முகத்திலேயே விளங்கிவிடும். அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்களுக்கும் அரசாங்கம் அரைப் பேர்தானே போட்டது?

2014இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று 3,000க்கும் மேற்பட்ட "ஆசிரிய உதவியாளர்" பதவிகளுக்கு விண்ணப்பம் கோரினார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. கத்திக் கத்தி அது 10,000 ஆனது. சரி, யாருக்கு உதவ இந்த உதவியாளர்? வகுப்பில் இன்னொரு ஆசிரியர் இருந்தால்தானே உதவலாம்! என்னோடு ஆசிரியர் கலாசாலையில் படித்த ஒருவர், ஒரே மண்டபத்தில் நடுவில் கரும்பலகையை மறைப்பாக வைத்து இரண்டு வகுப்புகளைத் தனியாக நடத்தியவர். பாடக்குறிப்பு, பரீட்சைப் புள்ளி, பெற்றோர் கூட்டம் எல்லாம் அவர் தலையில்தான். பிள்ளைகள் கூப்பிட்டது "சேர்" என்று. சம்பளப் பட்டியலில் மட்டும் உதவியாளர். பஸ் காசு போக மிஞ்சியதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார்.

பயிற்சி முடித்தால்தான் ஆசிரியர் சேவைக்குள் எடுப்போம் என்றார்கள். பயிற்சி வேண்டாமென்று நான் சொல்லவில்லை, நானும் கலாசாலைக்குப் போய் வந்தவன்தான். ஆனால் பயிலுநர் என்றால் பயிலுநராக நடத்துங்கள். மூத்த ஆசிரியர் ஒருவரின் கீழ் வையுங்கள், பாடவேளையைக் குறையுங்கள். முழு ஆசிரியரின் நேரசூசியைக் கையில் கொடுத்துவிட்டுப் பயிலுநரின் காசைக் கொடுப்பது எந்த நியாயம்?

இப்போது அதே சட்டை வேறு நிறத்தில்: "அபிவிருத்தி உத்தியோகத்தர்". பட்டதாரிகள், பாடசாலைகளில் இணைக்கப்பட்டு வருஷக்கணக்காகப் படிப்பிக்கிறார்கள். சேவைக்குள் எடுங்கள் என்று கேட்டால் போட்டிப் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். நேற்று வரை வகுப்பில் நின்றது எந்தத் தகுதியில்?

ஒரு பதவியை வகைப்படுத்துவதென்றால் முதலில் வேலையைப் பார்க்க வேண்டும், பொறுப்பைப் பார்க்க வேண்டும், பிறகுதான் பெயரும் சம்பளமும். இங்கே திறைசேரியைப் பார்த்துவிட்டுப் பெயர் தேடுகிறார்கள்.

"கிடைத்ததே பெரிய விஷயம், பேசாமல் இரு" என்று நம்மவர்களே சொல்கிறார்கள். அதைத்தான் கங்காணியும் சொல்வார்.

உங்கள் பாடசாலையில் ஆசிரியர் என்ற பெயரில்லாமல் முழு வகுப்பு எடுப்பவர்கள் எத்தனை பேர்? பெயர் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் கீழே எழுதுங்கள்.