கார் வரும்வரை ஷெட் யாருக்கு?

பெங்களூரில் நம்மவர்கள் கட்டும் வீடுகளில் ஒரு விசித்திரத்தைக் காணலாம். கார் வாங்க வசதியில்லாதவர்கூட கார் ஷெட் கட்டாமல் விடுவதில்லை. பிளான் பாஸாக வேண்டும் என்பது ஒரு காரணம். பையன் தலையெடுத்து என்றாவது கார் வாங்குவான் என்ற நம்பிக்கை மற்றொன்று. ஓய்வு பெறும்போது கைக்கு வந்த பிராவிடண்ட் பண்டையும் கிராஜுவிடியையும் கொட்டி, 30க்கு 40 மனையில் எழுப்பிய வீட்டின் முன்புறத்தில் சுமார் 10 அடிக்கு 18 அடி இடம் இப்படி ஒதுக்கப்படுகிறது. கார் வருகிறதோ இல்லையோ, தண்ணீர் டிரம்மும் கால் உடைந்த கட்டிலும் மூட்டை கட்டிய பழைய பேப்பரும் முதலில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

இந்த இடத்தை வீட்டில் படம் வரைகிறவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஸ்டூடியோ என்றதும் நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் இடம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது ஓவியக் கூடம். குமாஸ்தா வீட்டுக்கு இது ஆடம்பரமல்லவா என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு ரயில்வே குடும்பம். பள்ளியில் படம் வரைந்து பரிசுகள் வாங்கிய பெண் ஒருத்தி அங்கே இருக்கிறாள். இரண்டே அறைகள். பகலில் கட்டில்மேல் காய வைத்த படத்தை இரவில் எடுத்தாக வேண்டும். அங்கேதான் பாட்டி படுக்க வேண்டும். ஈரப் படத்தைப் பீரோவின் மேல் வைத்தாள். அது சரிந்து தம்பியின் ரெக்கார்டு நோட்டில் வண்ணம் கொட்டியது. வீட்டில் சண்டை. அதன்பிறகு தூரிகைகள் தகரப் பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறின. பெண் இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். படம் வரையாதே என்று அந்த வீட்டில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. பாதியில் நிற்கும் படத்தை நாளைவரை அப்படியே விட்டு வைக்க நாலடி இடம் இல்லை, அவ்வளவுதான். அதே வீட்டின் கீழே கார் ஷெட் ஒன்று பூட்டிக் கிடக்கிறது!

கவிதை எழுதுகிறவன் நோட்டை மூடிவிட்டு எழுந்து போகலாம். பாடுகிறவளுக்கு இடமே வேண்டாம். ஓவியம் அப்படியல்ல. எண்ணெய் வண்ணம் காய நாட்கணக்கில் ஆகும். சென்னை ஓவியர்கள் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் 1966இல் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் கடற்கரையோரம் நிலத்தைத்தான் முதலில் வாங்கினார்கள். வண்ணமும் தூரிகையும் எப்படியாவது கிடைக்கும், இடம் கிடைப்பதே அரிது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பம்பாயில் பெரும் பெயர் பெற்ற ஓவியர் கே.எச். ஆரா இளமையில் வீட்டு வேலை செய்தவர், கார் துடைத்தவர். கார் ஷெட்டுக்கும் கலைக்கும் சம்பந்தமில்லை என்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனி ஷெட்டை எப்படி மாற்றுவது என்று பார்ப்போம். இதில் செலவைவிட யோசனைதான் அதிகம் தேவை.

முதல் விரோதி ஈரம். கார் ஷெட்டின் தரை தெருவை நோக்கிச் சரிவாக இருக்கும். தெரு உயர்ந்துவிட்ட இடங்களில் மழைநீர் திரும்பி உள்ளே வரும். பெங்களூரில் தார் போடும்போதெல்லாம் தெரு உயர்கிறதே தவிர, பழைய தாரைச் சுரண்டி எடுப்பதைக் காண்பது அபூர்வம். ஆகவே வாசலில் ஒரு செங்கல் உயரத்துக்குத் தடுப்பு வைத்துச் சிமெண்ட் பூச வேண்டும். காகிதமும் கான்வாஸும் தரையில் படாமல், சுவரிலும் ஒட்டாமல், மரச்சட்டத்தின் மேல் நிற்க வேண்டும். சுவரில் ஓதம் இருந்தால் அதைச் சரி செய்யாமல் மேலே பெயிண்ட் அடிப்பது வீண். அடுத்த மழைக்கு உரிந்து விழும். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரையாக இருந்தால் மார்ச், ஏப்ரலில் உள்ளே உட்கார முடியாது. கூரையின் மேல் சுண்ணாம்பு அடித்தால் வெப்பம் ஓரளவு குறையும். ஆஸ்பெஸ்டாஸைத் துளைபோடவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

அடுத்தது வெளிச்சம். ஓவியனுக்கு வடக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்று ஆங்கிலப் புத்தகங்களில் எழுதியிருக்கும். அது லண்டனுக்குச் சரி. பெங்களூர் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அப்போது வடக்கு ஜன்னலிலும் வெயில் விழும். அந்த மாதங்களில் ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினால் போதும். வெளிச்சம் மென்மையாகப் பரவும். இரவில் வரைவதற்கு ஒரே பல்பை நடுவில் தொங்கவிடாமல், நான்கடி எல்.இ.டி. டியூப் இரண்டைப் பக்கவாட்டில் போட வேண்டும். கடையில் கேட்கும்போது சி.ஆர்.ஐ. 90க்கு மேல், 5,000 கெல்வின் என்று கேளுங்கள். மலிவு டியூபில் சிவப்பு மங்கித் தெரியும். இரவில் போட்ட வண்ணத்தைக் காலையில் பார்த்தால் வேறாக இருக்கும்.

மிக முக்கியமானது நெருப்பு. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் குவித்து வைத்தால், அது காயும்போது தானாகவே சூடேறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக் கொள்ளக்கூடும். இது கட்டுக்கதையல்ல. லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு எண்ணெய்ப் பஞ்சைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்பது தெரியும், வீட்டில்தான் மறந்துவிடுகிறோம். அந்தத் துணியைத் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூட வேண்டும். டர்பென்டைன் ஆவி தலையைச் சுற்ற வைக்கும் என்பதால், ஷட்டரை முழுவதும் இறக்கிவிட்டு உள்ளே வேலை செய்யக்கூடாது. எதிர்ப்புறச் சுவரில் உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் பேன் வேண்டும். ஸ்கூட்டரை அதே ஷெட்டில் நிறுத்துவதாக இருந்தால் டர்பென்டைனே வேண்டாம். தண்ணீரில் கரையும் போஸ்டர் கலர், அக்ரிலிக் போதும். ஆரம்பிப்பவர்களுக்கு அதுவே நல்லது, விலையும் குறைவு.

இப்போது ஆட்சேபணைகளுக்கு வருவோம். ஷெட்டை இஸ்திரிக் கடைக்கு விட்டால் மாதாமாதம் வாடகை வருமே என்பார்கள். வீட்டுக் கடன் தவணைக்கு அந்த வாடகைதான் கதி என்பவரைக் குறை கூற எனக்கு உரிமை இல்லை. ஆனால் உடைந்த கட்டிலுக்கு வாடகையில்லாமல் இடம் கொடுத்திருப்பவர், மகளுக்கென்று கேட்கும்போது மட்டும் வாடகைக் கணக்குப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். இந்த ஊரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் சித்திரச் சந்தையைச் சென்று பாருங்கள். ஜனவரி மாதம் ஒரு நாள் குமாரகிருபா சாலை முழுவதும் நடைபாதையில் படங்கள். காலரி வாசலை மிதிக்கத் தயங்குகிற நம்மைப் போன்றவர்களும் அங்கே நின்று பேரம் பேசலாம். விற்பவர்களும் கோடீஸ்வரர்கள் அல்லர். அங்கே ஒரு மேஜை போட வேண்டுமானால் வருஷம் முழுவதும் வரைந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இடம் கேட்கிறேன்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் கன்னடம், தமிழ், இங்கிலீஷ் என்று எந்த எழுத்தையும் அளவு பிசகாமல் கையால் எழுதிய நம் போர்டு பெயிண்டர்களை பிளெக்ஸ் வந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. 2018இல் உயர் நீதிமன்றம் கண்டித்து, மாநகராட்சி பிளெக்ஸுக்குத் தடை போட்டபோது, இனி பழைய வேலை திரும்பும் என்று சிலர் தூரிகையைக் கழுவி வைத்தார்கள். அவ்வாறு திரும்பவில்லை. அத்தகைய பெரியவர் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டின் சாவியை அவரிடம் கொடுங்கள். நேர்கோடு இழுப்பது, வண்ணம் கலப்பது, தூரிகையை முறையாகக் கழுவுவது ஆகியவற்றை நாலு பிள்ளைகளுக்கு அவர் கற்றுத் தரலாம். அவருக்குத் தட்சிணையாக ஏதாவது கொடுப்பது மரியாதை. ஓசியில் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் வேறு இடம் பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பிளானில் வாகனம் நிறுத்துமிடம் என்று காட்டிய இடத்தைச் சுவர் எழுப்பி அறையாக்கினால் விதிமீறல் ஆகும். வீட்டுப் பிள்ளை அங்கே உட்கார்ந்து வரைவது வேறு, போர்டு மாட்டிக் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துவது வேறு. பின்னதைச் செய்ய விரும்புவோர் வார்டு அலுவலகத்தில் முதலில் விசாரித்துக் கொள்வது உத்தமம். குடியிருப்பவராக இருந்தால் வீட்டுக்காரரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டால் போதாது, எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். ஷட்டரைக் கழற்ற வேண்டாம். அலமாரிகளைச் சுவரோடு பதிக்காமல் நகர்த்தக்கூடியதாகச் செய்யுங்கள். கார் உண்மையிலேயே வந்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இடத்தைக் காலி செய்துவிடலாம். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பாதியில் நிற்கும் படங்களை முடிக்க அவகாசம் வேண்டும்.